பிடிடி என்றால் குக்கும்பர் ஃபைல் எழுதுவது மட்டும்தானா?

வேளச்சேரி டெஸ்டர்:

எல்லோருக்கும் வணக்கம். டெஸ்டிங்கில் எனக்கு ஐந்து வருட அனுபவம். எட்டு மாதம் முன்பு இப்போதைய நிறுவனத்தில் சேர்ந்தேன். ஆம்னி பஸ் டிக்கெட் புக்கிங் மென்பொருள்தான் எங்கள் வேலை. இன்டர்வியூவிலேயே "எங்கள் டீம் முழுக்க பிடிடி" (பிஹேவியர் டிரிவன் டெவலப்மென்ட், மென்பொருள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை முன்வைத்துக் கட்டும் முறை) என்று சொன்னார்கள். எனக்கும் ஆசையாக இருந்தது.

உள்ளே வந்து பார்த்தால் நடப்பது இதுதான். ஸ்டோரி (கட்ட வேண்டிய ஒரு சிறு தேவை) வருகிறது, டெவலப்பர் கோட் எழுதி முடிக்கிறார். அதன்பிறகு நான் அந்த ஸ்டோரியை விவரிக்கும் வேலை டிக்கெட்டைப் படித்து, கட்டி முடித்த ஸ்கிரீனையும் பார்த்து, குக்கும்பர் என்ற டெஸ்ட் கருவி ஓட்டுவதற்கான ஃபீச்சர் ஃபைல் எழுதுகிறேன். அந்த வரிகளை ஓட்ட, அதற்குக் கீழே ஜாவாவும் பிரௌசரைத் தானாக இயக்கும் செலினியமும். இப்படிச் சேர்ந்தது 412 சினாரியோ. முழுதாக ஓட 2 மணி 40 நிமிடம். தினமும் காலையில் பதினைந்து இருபது சிவப்பாக நிற்கும். பெரும்பாலும் காரணம் ஏதோ ஒரு பட்டனின் ஐடி மாறியிருக்கும், அவ்வளவுதான்.

ஒரு சினாரியோ எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன்:

பயனர் லாகின் பக்கத்தில் இருக்கிறார்
பயனர் பெயர்ப் பெட்டியில் "டெஸ்ட்01" என்று நிரப்புகிறார்
கடவுச்சொல் பெட்டியில் "ஏபிசி123" என்று நிரப்புகிறார்
லாகின் பட்டனை அழுத்துகிறார்
3 விநாடி காத்திருக்கிறார்
"என் பயணங்கள்" மெனுவை அழுத்துகிறார்

இப்படியே 23 வரி போகும். கடைசி வரியில்தான் "ரத்து செய்யப்பட்டது என்ற செய்தி தெரிகிறது" என்று வரும்.

போன வாரம் எங்கள் ப்ராடக்ட் ஓனரிடம் (என்ன கட்ட வேண்டும் என்று பிசினஸ் பக்கத்திலிருந்து சொல்பவர்), "மேடம், இந்த ஃபைலை எப்போதாவது படித்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "அது உங்க டெஸ்டிங் ஃபைல்தானே?" என்றார். கோபமாக அல்ல, உண்மையாகவே அப்படித்தான் நினைத்திருக்கிறார். நான் முன்பு போன ஒரு பயிற்சி வகுப்பில், பிசினஸ் ஆட்களே இதை எழுதுவார்கள் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

இப்போது டீம் லீட், "குக்கும்பரைத் தூக்கிவிட்டு நேராக ஜாவாவிலேயே டெஸ்ட் எழுதலாம், ஒரு அடுக்கு குறையும்" என்கிறார். மேனேஜருக்குச் சம்மதமில்லை. "பிடிடி செய்கிறோம் என்று வெளியே சொல்லியிருக்கிறோமே" என்கிறார். தூக்கினால் எதையாவது இழப்போமா? இல்லை, பிடிடி என்பதே இவ்வளவுதானா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.


கோவைக்காரன்:

உங்கள் லீட் சொல்வதில் பாதி சரி. அந்த 412 சினாரியோவையும் டெஸ்டர்களைத் தவிர யாரும் படிக்கவில்லை என்றால், அந்த அடுக்கு வெறும் சுமை. ஒரே விஷயத்தை முதலில் கெர்கினில் (ஃபீச்சர் ஃபைலை எழுதும் வடிவம்) எழுதி, அப்புறம் ஜாவாவில் மறுபடி எழுதுகிறீர்கள். அதை எடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் எடுத்த பிறகு "பிடிடியை விட்டுவிட்டோம்" என்று மட்டும் நினைக்காதீர்கள். உங்கள் டீமில் அது இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். சில வருடம் முன்பு நகைக்கடன் கிளைகளுக்கான மென்பொருளில் டெவலப்பராக இருந்தேன். வட்டிக் கணக்கு ஸ்டோரி என்னிடம் வந்தது. விதி இரண்டே வரி: வட்டி நாள் கணக்கில், குறைந்தபட்சம் ஏழு நாள் வட்டி. இதில் பேச என்ன இருக்கிறது என்று அன்றைக்கே கோட் எழுதிவிட்டேன். எங்கள் டெஸ்டர் விடவில்லை. கிளையில் பல வருடம் கணக்குப் பார்த்த அக்கா ஒருவரை அழைத்து வந்து, மூன்று பேரும் உட்கார்ந்தால்தான் ஆச்சு என்று நின்றார். ஏ4 தாளை நான்காகக் கிழித்து அட்டையாக வைத்துக்கொண்டோம்.

ரூ.36,500 கடன், ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எடுத்துக்கொண்டோம். அப்படி எடுத்தால் ஒரு நாள் வட்டி சரியாக 12 ரூபாய், மனக்கணக்கிலேயே சரிபார்க்கலாம். (எண்ணை இப்படிப் பொறுக்கி எடுப்பது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கால்குலேட்டரைத் தேடிய நொடியில் பேச்சு அறுந்துவிடும்.) மூன்றாம் நாளே திருப்பினால்? ஏழு நாள் வட்டி, 84 ரூபாய். மூவருக்கும் ஒரே விடை. மார்ச் 10 வைத்து மார்ச் 20 திருப்பினால்? நான் 120 என்று எழுதினேன். அக்கா என் அட்டையைப் பார்க்கவே இல்லை. "நூற்று முப்பத்திரண்டு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "வைத்த நாளும் ஒரு நாள், திருப்பிய நாளும் ஒரு நாள் தம்பி. கிளையில் எப்பவும் அப்படித்தான்." நான் எழுதிய கோட் ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதியைக் கழித்தது, பத்து என்று சொன்னது. வேலை டிக்கெட்டில் "நாள் கணக்கில்" என்றுதான் இருந்தது. எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை. அந்த அக்காவுக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்த விஷயம். எனக்குக் கேட்கத் தோன்றாத அளவுக்குத் தெரியாத விஷயம்.

அப்புறம் டெஸ்டர் கேட்டார்: "அன்றைக்கே வட்டியைக் கட்டி, அதே நகையை மாற்றி வைத்தால் என்ன கணக்கு? அந்த ஒரு நாள் பழைய கடனுக்கா, புதுக் கடனுக்கா? இரண்டிலும் சேர்ந்தால் இரண்டு தடவை வட்டி வாங்குகிறோமே." அக்கா பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். தலைமை அலுவலகத்துக்கு போன் போட்டார். மறுநாள்தான் பதில் வந்தது: மாற்றி வைத்தால் புதுக் கடன் அடுத்த நாளிலிருந்து. ஆளுக்கு 12 ரூபாய்தானே என்று தோன்றலாம். அதை ஒவ்வொரு கிளையிலும் ஒவ்வொரு மாற்றி வைப்புக்கும் தப்பாக வாங்கியிருப்போம். கவுன்டரில் சண்டை வந்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

அந்தப் பதிலைத் தவிர, இவ்வளவும் நடந்தது அரை மணி நேரத்துக்குள். கம்ப்யூட்டரை யாரும் திறக்கவில்லை. பிடிடி என்றால் எனக்கு அந்த அரை மணி நேரம்தான். கோட் எழுதுவதற்கு முன், ஒரு விதியை எடுத்துக்கொண்டு, "உதாரணத்துக்கு ஒன்று சொல்லுங்கள்" என்று வெவ்வேறு வேலை பார்க்கும் மூன்று பேர் பேசுவது. நான் மட்டும் முந்திக்கொண்டு கோட் எழுதியதால் அதைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

இதன் வரலாறும் அப்படித்தான் இருக்கிறது. பிடிடியை ஆரம்பித்த டான் நார்த் லண்டனில் தாட்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இருந்தபோது டிடிடியை, அதாவது கோடுக்கு முன்பே டெஸ்ட் எழுதும் முறையை, சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். கற்றுக்கொள்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் முட்டி நின்றார்கள்: எங்கே ஆரம்பிப்பது, எதை டெஸ்ட் செய்வது, எதை விடுவது, டெஸ்டுக்கு என்ன பெயர் வைப்பது. "டெஸ்ட்" என்ற சொல்லே ஆட்களைக் குழப்புகிறது என்று அவருக்குப் பட்டது. பெயரை "இது இப்படி நடக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியமாக எழுதச் சொன்னார். 2003 கடைசியில், ஜாவா டெஸ்ட் கருவியான ஜேயூனிட்டுக்கு மாற்றாக ஜேபிஹேவ் என்ற கருவியை ஆரம்பித்தார். 2004 வாக்கில் கிறிஸ் மேட்ஸ் என்ற பிசினஸ் அனலிஸ்டோடு சேர்ந்து, இதே பாணியைத் தேவைகளை எழுதுவதற்கும் கொண்டுபோனார். "இந்த நிலையில், இது நடந்தால், இப்படி ஆக வேண்டும்" என்ற மூன்று வரி வடிவம் அங்கே பிறந்தது. 2006இல் அதைக் கட்டுரையாக எழுதினார். அதில் வரும் உதாரணம் ஏடிஎம்மில் பணம் எடுப்பது. குக்கும்பர் வந்தது 2008இல். அதற்கு முன்பே பிடிடி சில வருடங்களாக நடந்துகொண்டிருந்தது. குக்கும்பரை உருவாக்கிய அஸ்லாக் ஹெல்லசோயே 2014இல், உலகத்திலேயே அதிகமாகத் தப்பாகப் புரிந்துகொள்ளப்பட்ட கூட்டுவேலைக் கருவி இதுதான் என்ற கருத்தில் எழுதினார்.

பிசினஸ் ஆட்களே எழுதுவார்கள் என்பதையும் மறந்துவிடுங்கள். அந்த அக்கா ஒரு வரிகூட எழுதவில்லை. நானும் டெஸ்டரும் எழுதினோம், அவர் படித்து, "இது தப்பு" என்று இரண்டு இடத்தில் விரல் வைத்தார். அது போதும். அவர் விரல் வைக்க வேண்டுமென்றால் வரிகள் அவர் பேச்சில் இருக்க வேண்டும். எங்களுடையது இப்படி இருந்தது:

காட்சி: வைத்த நாளும் திருப்பிய நாளும் வட்டியில் சேரும்
* மார்ச் 10 அன்று ரூ.36,500 நகைக்கடன், ஆண்டு வட்டி 12 சதவீதம்
* வாடிக்கையாளர் மார்ச் 20 அன்று நகையைத் திருப்பினால்
* ரூ.132 வட்டி வசூலிக்க வேண்டும்

இதில் பட்டனும் இல்லை, மெனுவும் இல்லை, மூன்று விநாடி காத்திருப்பும் இல்லை. ஸ்கிரீன் முழுதாக மாறினாலும் இந்த மூன்று வரி மாறாது. பிரௌசரைத் திறக்காமல் நேராக வட்டி கணக்கிடும் கிளாஸையே (கோடின் அந்தப் பகுதியையே) கூப்பிட்டோம். அறுபது சினாரியோ பத்து விநாடிக்குள் ஓடி முடியும். ஸ்கிரீன் சரியாக இணைந்திருக்கிறதா என்று பார்க்கத் தனியாக நாலைந்து டெஸ்ட் வைத்திருந்தோம். பைசாவை எப்படி முழுமையாக்குவது, தப்பான தேதி வந்தால் என்ன என்பதெல்லாம், கோடின் சிறு பகுதிகளைத் தனித்தனியாகச் சோதிக்கும் யூனிட் டெஸ்டில். எல்லாவற்றையும் சினாரியோவாக்கினால் அந்த அக்காவால் படிக்க முடியாது, அவர் படிக்காத அன்றைக்கு அந்த ஃபைலுக்கு வேலை இல்லை.

கெர்கினில் தமிழ் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஃபைலின் தலையில் மொழி தமிழ் என்று குறித்துவிட்டால் அம்சம், காட்சி, கொடுக்கப்பட்ட, எப்போது, அப்பொழுது என்று எழுதலாம். ஆனால் எனக்கு அது ஒட்டவில்லை. "எப்போது வாடிக்கையாளர் நகையைத் திருப்புகிறார்" என்று ஆரம்பித்தால் கேள்வி கேட்கிற மாதிரி இருக்கிறது. தமிழில் நிபந்தனை வினையின் வாலில்தானே வரும்: திருப்பினால், கட்டினால், தவறினால். அதனால் அந்தச் சொற்களுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டோம். கெர்கின் அதை ஏற்றுக்கொள்ளும். வரியும் பேசுகிற மாதிரியே வந்தது.

உங்கள் 412ஐ இன்றைக்கே தொடாதீர்கள். அடுத்த ஸ்பிரின்ட்டில் (அடுத்த வேலைச் சுற்றில்) ஒரே ஒரு ஸ்டோரி எடுங்கள். நீங்கள், டெவலப்பர், அந்த மேடம், மூன்று பேர். கோட் எழுதுவதற்கு முன்.


இரவு ஷிஃப்ட்:

கோவைக்காரன் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அவருக்குக் கணக்கு தெரிந்த ஆள் பக்கத்து நாற்காலியில் கிடைத்தார். நான் சர்வீஸ் கம்பெனியில் இருக்கிறேன். கிளையன்ட் அமெரிக்காவில். விதி தெரிந்தவரை நான் இதுவரை நேரில் பார்த்ததில்லை. நமக்கு வருவது அவருடைய பிஏ (பிசினஸ் அனலிஸ்ட்) எழுதி, நம் பக்கத்து பிஏ சுருக்கி எழுதிய வேலை டிக்கெட். ஒவ்வொரு ஸ்டோரிக்கும் மூன்று பேர் உட்கார வேண்டும் என்றால் எங்களுக்கு முடியாது.

நாங்கள் கராத்தே என்ற கருவியை ஏபிஐ (மென்பொருள்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழி) டெஸ்டுக்கு வைத்திருக்கிறோம். அதுவும் கெர்கின் வடிவத்தில்தான் இருக்கிறது, ஆனால் நாங்கள் யாரும் அதை பிடிடி என்று சொல்வதில்லை. டெஸ்ட் எழுத வசதி, அவ்வளவுதான். அப்படி நேர்மையாக ஒத்துக்கொண்டு போவது மேல் என்பது என் கருத்து.


கோவைக்காரன்:

கராத்தே பற்றிச் சொன்னதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். வடிவம் ஒன்றாக இருப்பதால் முறையும் ஒன்று என்று ஆகிவிடாது. அதைத் தெரிந்து பயன்படுத்துகிறீர்கள், நல்லது.

ஆள் கிடைக்காத கஷ்டம் எனக்கும் தெரியும். இப்போது நான் இருக்கும் டீமிலும் விதி தெரிந்தவர் வெளிநாட்டில்தான். எங்களுக்கும் அவர்களுக்கும் பொதுவாகக் கிடைப்பது மாலையில் ஒரு மணி நேரம். அதில் வாரத்துக்கு ஒரு நாள் 25 நிமிடம் மட்டும் கேட்டு வாங்கினோம். மேட் வின் என்பவர் சொல்லிக்கொடுத்த எக்ஸாம்பிள் மேப்பிங் என்ற முறைதான். மஞ்சள் அட்டையில் ஸ்டோரி, நீலத்தில் விதி, பச்சையில் உதாரணம், பதில் தெரியாத கேள்வி சிவப்பில். சிவப்பு நிறைய சேர்ந்தால் அந்த ஸ்டோரியை இன்னும் எடுக்கக் கூடாது என்று பார்த்தவுடன் தெரியும்.

அந்த 25 நிமிடமும் கிடைக்காத வாரத்தில் நானும் டெஸ்டரும் மட்டும் உட்கார்ந்து அட்டை போடுவோம். மிஞ்சிய சிவப்பு அட்டைகளை எண்ணோடு அனுப்புவோம். "வட்டி விதியைத் தெளிவுபடுத்தவும்" என்று அனுப்பினால் இரண்டு பாரா பதில் வரும், ஒன்றும் தெளியாது. "இந்த ஆளுக்கு 120ஆ, 132ஆ?" என்று கேட்டால் மறுநாள் காலையில் ஒரு எண் வந்திருக்கும். பெரும்பாலும் கூடவே, "ஆமாம், இதை நாங்களும் யோசிக்கவில்லை" என்ற வரியும் இருக்கும். நேரில் பேசுவதற்கு அது ஈடாகாது. ஆனாலும் நம் பிஏ சுருக்கியதை நம்பிக் கோட் எழுதுவதைவிட எவ்வளவோ மேல்.


டாட்நெட் பக்கம்:

ஒரு சின்னச் சேர்க்கை. நாங்கள் பல வருடம், டாட்நெட்டுக்கான குக்கும்பர் மாதிரியான ஸ்பெக்ஃப்ளோ என்ற கருவியை வைத்திருந்தோம். 2024 முடிவோடு அதற்கான ஆதரவு நின்றுபோனதால் அதன் வாரிசான ரெக்ன்ரோலுக்கு மாறினோம். மாற்றும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரே கேள்வி கேட்டோம்: "டெஸ்டர் அல்லாத யாராவது இதைக் கடந்த ஆறு மாதத்தில் படித்தார்களா?" இல்லை என்றால் கெர்கினை எடுத்துவிட்டுச் சாதாரண டெஸ்டாக்கினோம். பாதிக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியவற்றை எங்கள் பிஏ இப்போதும் திறந்து பார்க்கிறார். வேளச்சேரி டெஸ்டருக்கு அந்தக் கேள்வி உதவலாம்.


வேளச்சேரி டெஸ்டர்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கோவை அண்ணா சொன்னபடி ஒரே ஒரு ஸ்டோரி எடுத்தோம். டிக்கெட் ரத்து. ஸ்டோரியில் இருந்த விதி இது: "புறப்படும் நேரத்துக்கு 12 மணி நேரம் முன்பு வரை ரத்து செய்தால் 50 சதவீதம் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை."

மேடம், டெவலப்பர், நான். 800 ரூபாய் டிக்கெட் என்று வைத்துக்கொண்டோம். முதல் நாலு அட்டை சுலபமாகப் போனது. மேடம் இரண்டு தடவை மணி பார்த்தார். நான் அடுத்த உதாரணம் சொன்னேன்: "பஸ் கிளாம்பாக்கத்தில் இரவு 9 மணிக்குக் கிளம்புகிறது. பயணி திண்டிவனத்தில் 11 மணிக்கு ஏறுகிறார். அன்று காலை 10 மணிக்கு ரத்து செய்கிறார்."

டெவலப்பர் உடனே 400 என்றார், ஏறும் நேரத்துக்கு இன்னும் 13 மணி நேரம் இருக்கிறதே. மேடம் அதே நொடியில் பூஜ்யம் என்றார், பஸ் கிளம்ப 11 மணி நேரம்தானே இருக்கிறது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் அங்கேயே ஒரு பஸ் ஆபரேட்டருக்கு போன் செய்தார். அவர், "வண்டி எடுக்கிற நேரம்தாம்மா கணக்கு. ஆனா திண்டிவனத்து ஆளுக்கு டிக்கெட்ல 11 மணின்னு மட்டும்தானே போட்டிருக்கீங்க, அவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலிருந்து புது ஸ்டோரி ஒன்று பிறந்தது: ரத்துக்கான கடைசி நேரத்தை டிக்கெட்டிலேயே மணியாக அச்சிடுவது. அந்த அட்டையை மேடமே தன் கையால் எழுதினார்.

டெவலப்பர் பிறகு என்னிடம் காட்டினார், அவருடைய லோக்கல் பிராஞ்சில் (இன்னும் எல்லோருடைய கோடோடும் சேர்க்காத அவர் பிரதியில்) ஏறும் நேரத்தை வைத்துத்தான் கணக்கு ஆரம்பித்திருந்தது.

ரத்து விதிக்கு இப்போது ஏழு சினாரியோ இருக்கிறது, எதற்கும் பிரௌசர் வேண்டாம். பழைய 23 வரி சினாரியோவை நீக்கிவிட்டேன். மற்ற 411க்கும் டாட்நெட் நண்பர் சொன்ன கேள்வியைக் கேட்டு, லீட் பிரிக்க ஆரம்பித்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவை ஜாவாவுக்குப் போகும். மேனேஜரிடம் இன்னும் பேசவில்லை.

ஒரு சிவப்பு அட்டை பாக்கி இருக்கிறது. அதே பஸ்ஸில் விழுப்புரம் தாண்டி நள்ளிரவு 12.20க்கு ஏறுபவருக்குப் பயணத் தேதி எது, பஸ் கிளம்பிய தேதியா, அடுத்த தேதியா? வியாழக்கிழமை மேடம் இன்னொரு ஆபரேட்டரையும் அழைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.